எல்லாருக்கும் எழுதாத பிள்ளை

"ஆருக்கு?" என்று கேட்காமல் அந்தப் பிள்ளை எந்த வேலையையும் தொடங்கி நான் பார்த்ததில்லை.

தேத்தண்ணி போடச் சொன்னால் ஆருக்கு என்று கேட்பாள். ஹாஜியாருக்கு இஞ்சி தட்டிப் போடவேண்டும், கேக் அடிக்கிற பெண்பிள்ளைகளுக்குச் சாயம் கூடவேண்டும், எனக்குச் சீனியைப் போடாமல், தொட்டுக் குடிக்கக் கையில் தரவேண்டும். அதெல்லாம் நியாயம்தான். ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வருகிற நேரத்தில், "பிள்ளை, மழை வருதெண்டு ஒருக்காக் கத்திச் சொல்லு" என்றால், "ஆருக்கு அண்ணை? உடுப்புக் காயப் போட்டவைக்கோ, குடை கொண்டு வராதவைக்கோ?" என்று கேட்டால் மனிதனுக்கு எரிச்சல் வருமா, வராதா? அதற்குள் மழை கொட்டிவிடும்.

அவள் எங்களோடு வேலை செய்தது ஹாஜியாருடைய கேக் கடையில். திருகோணமலையில், உட்துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்குகிற வீதி ஒன்றில் இருந்தது கடை. முன்னுக்குக் கண்ணாடி அலுமாரியில் கேக், பின்னுக்குக் கேக் வேகிற போறணை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள், பெருநாள், பொங்கல், சித்திரை வருசப் பிறப்பு என்று கேக்கோ பழக்கூடையோ சாறியோ கொடுக்க ஆசைப்பட்டால் எங்களிடம் ஓடர் சொல்லுவார்கள். நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். நாங்கள் என்றால் நானும் என்னுடைய ஓட்டோவும். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதி, "இன்ன நாள் வருகிறது, இன்னது இருக்கிறது, அனுப்புவமா?" என்று கேட்பதுதான் நடு அறையில் இருந்த அந்தப் பிள்ளையின் வேலை.

பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளே போனில் கோல் எடுத்து, "ஆருக்காக அண்ணை எழுதினீங்கள்?" என்று கேட்பாள்.

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை. ஓட்டோவில் ஏறுகிற சனத்தின் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். நல்ல வசனம் ஒன்று காதில் விழுந்தால் திரும்பவேண்டிய சந்தியை விட்டுவிட்டு நேரே போய்விடுவேன். அந்தப் பிள்ளையின் வசனங்களால் நான் தவறவிட்ட சந்திகள் கனக்க.

முதல் வசனம் அவள் வேலைக்கு வந்த கிழமையே விழுந்தது. ஹாஜியார் குறிஞ்சாக்கேணிக்காரர். வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. கேக் மா குழைக்கிற கையோடு நடு அறை வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, எல்லாருக்கும் ஒரே மெயில அடிச்சு விடு. பள்ளியில அறிவிக்கிற மாதிரி. கேக் வேணுமெண்டவன் எடுப்பான், வேணாமெண்டவன் உடுவான்."

"ஆருக்கு ஹாஜியார்?"

"இதென்ன கேள்வி? எல்லாருக்கும்தான்."

"எல்லாரும் எண்ட பேரில ஒருத்தருக்கும் ஈமெயில் இல்லை ஹாஜியார்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க வெளியே பார்த்தேன். வெளியே, எங்களுடைய ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று என் ஓட்டோவுக்குள் தலையை விட்டு, குச்சவெளிக்குக் கொண்டுபோகவேண்டிய பூமாலையைத் தின்றுகொண்டிருந்தது. அந்த ஓடரைத் திருப்பிக் கட்டின கதை வேறு.

அவள் வருவதற்கு முன் அந்த அறையில் இருந்தவர் ஹாஜியாருடைய மருமகன். கெட்டிக்காரப் பெடியன்தான், ஆனால் அவசரக்காரன். எங்கேயோ இருந்து ஆயிரக்கணக்கில் முகவரிகளை வாங்கி வந்து, சிவப்பு எழுத்தில், வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டு, "இலவசம்! இலவசம்!" என்று எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, வேறு வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டான். அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் எங்களுடைய கடையும் தெரியாது, திருகோணமலையும் தெரியாது. வேண்டாத கடிதம் என்று சனம் முறையிட, முறையிட, எங்களுடைய கடையின் பெயரில் எது போனாலும் நேரே குப்பைப் பெட்டிக்குள் விழத் தொடங்கியது. கேக் வாங்குகிற பழைய ஆட்களுக்குப் போனதும் அங்கேதான் விழுந்தது. வெளிநாட்டு ஓடர் நின்றது. போறணைக்காரப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். என் ஓட்டோ துறைமுகத்தடியில் சவாரிக்கு நின்றது.

ஹாஜியார் அவளிடம் மறைக்கவில்லை. "சித்திர வருஷம் மட்டும் பாக்கிறன் புள்ள. அதுக்குள்ள வெளிநாட்டு ஓடர் நிமிரல்லயெண்டா இந்த அறைய இடிச்சுப்போட்டு இன்னொரு போறண கட்டப் போறன். ஊராக்களுக்குப் பாணாவது சுட்டுக் குடுக்கலாம். ஒன்ன ஏமாத்தக்கூடாது, இப்பயே சொல்லிட்டன்."

"சரி ஹாஜியார்."

அவள் சரி என்றது ஏன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. கணவன் இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பமாக இருந்தான். அதைப்பற்றி அவள் கதைக்கிறதில்லை, நானும் எழுதப்போவதில்லை. தமக்கை கட்டாரில் இருந்தார். கொழும்பில் ஒரு ஏஜென்சியில் சொல்லி, வீட்டு வேலைக்கு இவளுக்கும் இடம் பார்த்திருந்தார். பாஸ்போட் ஏற்கனவே ஏஜென்சியின் கையில். சித்திரை வருசத்துக்குள் கடை நிமிர்ந்தால் இவள் மகளோடு இருப்பாள். நிமிராவிட்டால் மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுப் போவாள். இடையில் மூன்றாவது வழி ஒன்று இருக்கவில்லை.

இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொன்னவள் இல்லை. ரியூசன் வாசலில் மகளை ஏற்றுவதற்காகக் காத்து நின்ற நேரத்தில், தேங்காய் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

அடுத்த நாளே முகவரிகளைக் கழிக்கத் தொடங்கினாள். காசு கொடுத்து வாங்கினவற்றை முழுதாக அழித்தாள். எங்களிடம் ஒருநாளும் எதுவும் வாங்காதவர்கள், அனுப்பின ஒன்றையும் திறந்து பார்க்காதவர்கள், எல்லாரையும் எடுத்தாள். ஹாஜியார் கணினித் திரையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"அல்லாவே! ஆயிரக்கணக்கில இருந்த ஆக்கள் எங்க புள்ள?"

"இருந்தவை இவ்வளவு பேர்தான் ஹாஜியார். மற்றதெல்லாம் வெறுங் கதிரை."

"கதிரையெண்டாலும் மண்டபம் நெறஞ்ச மாதிரி இருந்திச்சே!"

"கதிரைக்குச் சாப்பாடு போட்டா முடிஞ்சுதோ? ஆள் வந்து இருக்கவேணும்."

பிறகு மிஞ்சினவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். போனில் எடுத்து, "எங்கட கடிதம் உங்களுக்குக் குப்பைக்குள்ள விழுது, ஒருக்கா எடுத்து வெளியில வைக்கிறீங்களோ?" என்று கேட்டாள். கேட்கிற விதத்தில் யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் கனபேர் மறந்தார்கள். கடிதம் குப்பைக்கும் வாசலுக்கும் நடுவில் தள்ளாடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் நான் ஒரு சாமான் கொடுத்துவிட்டு வந்தால், ஓட்டோ நிற்கமுந்தி அவள் கேள்வி வந்துவிடும். "ஆர் அண்ணை கதவைத் திறந்தது? என்ன கதைச்சவை?" நானும் சொல்லுவேன். சனம் சொன்ன வசனத்தைச் சொல்ல எனக்குக் கூலி வேண்டாம்.

கிளிவெட்டியில் ஒரு தாய். மகன் சுவிஸில். அவன் அனுப்பின சொக்லேட் கேக்கை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா வாங்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வெட்டி வெட்டிக் கொடுத்தார். தான் ஒரு துண்டும் தொடவில்லை.

"நீங்கள் சாப்பிடேல்லையோ அம்மா?"

"எனக்குச் சீனி வருத்தம் தம்பி. அவனுக்குத் தெரியாது. சொல்லிப்போடாத. தெரிஞ்சா ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து என்ன சாப்பிட்டனீ எண்டு பொலிஸ் விசாரணை வைப்பான்."

இதையும், அந்த அம்மா அடுத்த வீட்டு ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்ததையும் வந்து அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான், "ஐயோ, சொல்லாத எண்டவவே" என்று என் நாக்கைக் கடித்தேன். அவள் சிரித்தாள். "மகனுக்குத்தானே அண்ணை சொல்லக் கூடாது."

தைப்பொங்கலுக்கு அந்த மகனுக்குப் போன கடிதத்தில் கேக் என்ற சொல்லே இல்லை. பப்பாளி, கொய்யா, விளாம்பழம் போட்ட கூடையும், நூல் சேலையும், வாசலில் இருந்து செய்தியும் புதினமும் கேட்க ஒரு சின்ன ரேடியோவும் இருந்தன. வேறு வீடுகளுக்குக் கேக்கும் போனது, இனிப்புப் பெட்டியும் போனது. அந்த மகனுக்கு மட்டும் அப்படி. அவன் ரேடியோவை அனுப்பினான். தாயின் இரகசியம் தாயிடமே இருந்தது. நான் ரேடியோவைக் கொடுத்தபோது அந்த அம்மா, "இவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது எனக்கு இதுதான் ஆசை எண்டு?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மாமரத்தைப் பார்த்தேன்.

கடிதத்தின் தலைப்பைப் பற்றி அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. "தலைப்பு எண்டது கதவைத் தட்டுற சத்தம் அண்ணை. தட்டுற விதத்திலயே ஆர் வந்திருக்கிறது எண்டு வீட்டுக்காரருக்குத் தெரியவேணும். கடன்காரன் மாதிரித் தட்டினா ஆரும் திறக்காயினம்." அனுப்புகிற நேரத்தைப் பற்றியும் ஒன்று இருந்தது. "ரொறன்ரோவில ஒரு அண்ணைக்கு இரவு வேலை. விடிய வந்து சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் போனைப் பாப்பார். அப்பத்தான் அவருக்கு அம்மாவின்ர ஞாபகம் வரும். அதுக்கு முதல் போனாலும் பிழை, பிந்திப் போனாலும் பிழை." எழுதி முடித்ததும் உரக்க வாசிப்பாள். வாசிக்கும்போது எதிரே ஒரு ஆள் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஒரு இடத்தில் அந்த ஆளின் முகம் சுருங்கிவிட்டது போல நின்று, வசனத்தை மாற்றுவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குப் பேய் பிடித்த ஆளைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

சித்திரை வருசம் கிட்டக் கிட்ட ஓடர் கொஞ்சம் அசைந்தது. ஆனால் போதாது. ஹாஜியார் ஒருநாள் மேசனைக் கூட்டி வந்து நடு அறையின் சுவரைத் தட்டிக் காட்டினார். சுவருக்கு மற்றப் பக்கத்தில் இருந்து அவள் தட்டச்சுச் செய்கிற சத்தம் நிற்கவில்லை.

வருசக் கடிதத்துக்கு அவள் புதிதாக ஒன்று செய்தாள். எங்களுடைய சனத்துக்கு "அன்பின் வாடிக்கையாளருக்கு" என்று எழுதினால் வங்கிக் கடிதம் மாதிரி இருக்கும். வெறும் பெயரைச் சொல்லி எழுதினால், வயதுக்கு மூத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மரியாதை கெட்ட வேலை. ஆகவே கணினி அட்டவணையில் கூப்பிடுகிற முறைக்கென்று ஒரு நிரலை, மேலிருந்து கீழே ஓடுகிற ஒரு பத்தியை, போட்டாள். ஒவ்வொருவரிடமும் எப்படிக் கூப்பிட என்று கேட்டு நிரப்பினாள். அண்ணா, அக்கா, மாமி, பெரியம்மா, கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் அண்ணன் அக்காமாருக்கு நானா, ராத்தா, படிப்பித்தவர்களுக்குச் சேர், ரீச்சர். ஒருவர் என்னோடு பள்ளிக்கூடம் போனவர். அவர் மச்சான் என்றுதான் போடவேண்டும் என்று அடம்பிடித்தார். தம்பி இருந்தான். சின்னப் பெட்டை ஒருத்தி, "எங்கட வீட்டில என்னைப் பிள்ளை எண்டுதான் கூப்பிடுறவை" என்றாள். பிள்ளை என்று போட்டாள்.

அனுப்புகிற நாள் வந்தது. நாட்டு நேரப்படி ஆட்களை ஒழுங்குபடுத்த, பெயரையும் முகவரியையும் ஊரையும் சேர்த்து வரிசை மாற்றினாள். முறை நிரல் மட்டும், நடுவில் ஒரு வெறும் நிரல் இருந்ததால், தான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஆட்கள் இடம் மாறினார்கள், முறைகள் மாறவில்லை. அவளுக்குத் தெரியாது. உரக்க வாசித்ததும் ஒரேயொரு கடிதத்தைத்தான். அனுப்பிவிட்டாள்.

நான் அப்போது அறைக்குள் கயிறு தேடிக்கொண்டிருந்தேன். முதல் பதில் ஒஸ்லோவில் இருந்து வந்தது. "நான் இன்னும் தாடி ஒழுங்கா முளைக்காத பெடியன். நான் பெரியம்மா ஆனது அம்மாவுக்குத் தெரியுமோ?"

அவள் அட்டவணையைத் திறந்து நிரல்களை விரலால் ஒத்துப் பார்த்தாள். அடுத்தது லண்டனில் இருந்து, கிண்ணியாவைச் சேர்ந்த டொக்டர் ராத்தா. "அன்பின் மச்சான் எண்டு எழுதியிருக்கிறீங்க. என்ட மாப்பிள்ளை பக்கத்தில நிண்டு, ஆரது ஒனக்கு மச்சான் எண்டு கேக்கிறார். பதிலை நீங்களே எழுதுங்க."

பதில் பதிலாக விழுந்தது. ஏசினவர்கள் கொஞ்சப் பேர். சிரித்தவர்கள் கனபேர். ஊரில் பாதியைப் படிப்பித்துவிட்டு ரொறன்ரோவில் மகளோடு இருக்கிற அதிபர் சேருக்கு, "அன்பின் தம்பி" என்று போயிருந்தது. அவர் எழுதினார்: "என்னைத் தம்பி என்று கூப்பிட்ட கடைசி ஆள் என்னுடைய அண்ணன். அவர் போய்க் கனகாலம். இனி இந்தச் சொல்லைக் கேட்பேன் என்று நினைத்திருக்கவில்லை. பிழை என்று தெரிகிறது. திருத்தவேண்டாம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "முடிஞ்சுது அண்ணை, எல்லாம் முடிஞ்சுது" என்றாள். அந்த நேரம் பார்த்து ஹாஜியார் வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் பதில்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புள்ள, இத்தின பேர் திரும்பி எழுதியிரிக்காங்க! ஒருநாளும் இப்பிடி நடந்ததா? நோன்புப் பெருநாளைக்கும் இதே மாதிரி மாத்தி மாத்தி அடிச்சு விடு!"

"அது ஏலாது ஹாஜியார்."

"ஏன்?"

"ஒருக்காத் தடக்குப்பட்டு விழுந்தா ஓடிவந்து தூக்குவினம். வேணுமெண்டு விழுந்தா, நடிக்கிறாள் எண்டு விட்டிட்டுப் போவினம்."

அதற்குப் பிறகு அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. பதில் எழுதினவர்கள், எழுதாதவர்கள், எல்லாருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினாள். ஒன்றை எழுதிப் பிரதி எடுக்கிற வேலை இல்லை. ஒஸ்லோப் பெடியனுக்கு, "தம்பி, அம்மாவுக்கு நாங்கள் சொல்லமாட்டோம்." டொக்டர் ராத்தாவுடைய கணவருக்கு, "மச்சான் என்றது எங்களுடைய ஓட்டோ அண்ணையின் பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவருக்குப் போகவேண்டியது. வீட்டில் சமாதானமாக இருக்கவும்." அதிபருக்கு எழுதினது நீளம். அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

அவற்றுக்குள் ஒரு பதில் சிரிப்பில்லாதது. குச்சவெளி அம்மா ஒருவரின் மகள், மெல்பேணில் இருப்பவர். "என்னைப் பிள்ளை எண்டு கூப்பிடுறது அம்மா மட்டும்தான். அம்மா போய் இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியேல்லை. எங்களுக்கு இந்த முறை வருசம் இல்லை."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். நான் ஆறுதலுக்கு, "கொம்பியூட்டர் விட்ட பிழைதானே பிள்ளை" என்றேன்.

"முறை மாறினது கொம்பியூட்டரால அண்ணை. சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்கு வருச வாழ்த்துப் போனது என்னால. நான் ஆருக்கு எண்டு கேக்கேல்லை."

அடுத்த நாள் கடற்கரை வீதிப் பஸ்ஸில் ஏறிக் குச்சவெளிக்குப் போனாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கடையின் ஓட்டோ போனால் வியாபாரம் மாதிரி இருக்குமாம். அங்கே அந்த அம்மாவைக் கடைசி மட்டும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணோடு இருந்து கதைத்துவிட்டு, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாள். மெல்பேணுக்கு நாலு வரி எழுதினாள். "அக்கா, அம்மாவின் வீட்டுக்குப் போய் வந்தேன். முற்றம் கூட்டியிருந்தது. இந்த வருடம் நாங்கள் உங்களுக்கு ஒன்றும் அனுப்பமாட்டோம். ஊரில் ஏதும் தேவையென்றால் நீங்கள் எழுதுங்கள், நாங்கள் செய்வோம்." கேக்கும் இல்லை, கூடையும் இல்லை, கடையின் படமும் இல்லை.

அந்தியேட்டி கழிந்து மெல்பேணில் இருந்து ஒரு ஓடர் வந்தது: "பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்ல சாறி ஒன்று. அவ கட்டுற நிறம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." தெரிந்திருந்தது. கத்தரிப்பூ நிறம்.

மற்றவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் போன மறுநாளே ஓடர் வரத் தொடங்கியது. அவ்வளவு பேர் பதில் எழுதினதால் நடந்த இன்னொரு காரியத்தை அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒருத்தர் ஒரு கடிதத்துக்குத் திரும்பி எழுதினால், கடிதம் கொண்டுபோகிற கணினிகள் அதைக் கவனிக்குமாம். இவர்கள் ஒருவரையொருவர் தெரிந்த ஆட்கள் என்று முடிவெடுத்து, அடுத்த கடிதத்தைக் குப்பைக்குள் போடாமல் நேரே வாசலில் வைக்குமாம். அப்படியே நடந்தது. எங்களுடைய கடையின் பெயர் திரும்பவும் வீட்டுக்குள் போகத் தொடங்கியது.

வருசத்துக்கு முந்தின நாட்களில் எனக்குச் சோறு தின்ன நேரம் இல்லை. கிண்ணியாப் பாலத்தால் ஒரு தரம், மூதூர்ப் பக்கம் ஒரு தரம், நிலாவெளி ரோட்டால் ஒரு தரம். போறணைப் பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். போறணை போதவில்லை. மேசன் திரும்பவும் வந்தான். ஹாஜியார் அவனை நடு அறையைத் தாண்டிப் பின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தச் சுவர ஒட்டிக் கட்டு. இந்த அறையத் தொடாத."

"போன முறை இதைத்தானே காட்டினீங்க ஹாஜியார்?"

"போன முற வேற. இப்ப ஆக்கள் இரிக்கி உள்ளுக்கு."

உள்ளே அவள் ஒருத்திதான் இருந்தாள். ஹாஜியார் சொன்னது கடிதங்களுக்குள் இருந்த ஆட்களை என்று எனக்கு விளங்கியது.

வருசம் கழிந்த கிழமை அவளுக்கு ஏஜென்சியில் இருந்து மின்னஞ்சல் வந்தது. "அன்பான விண்ணப்பதாரர்களுக்கு: விசா தயார். வெள்ளிக்கிழமைக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு வரவும். வராதவர்களின் இடம் வேறு ஆட்களுக்கு வழங்கப்படும்." அதே நாள் தமக்கையும் கோல் எடுத்தார். நான் வாசலில் நின்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்துக் கதை மட்டும் கேட்டது.

"ஓமக்கா, வந்தது... இல்லையக்கா, போகேல்லை... ஓம், யோசிச்சுத்தான். ஹாஜியார் இண்டைக்குச் சம்பளத்தைக் கூட்டித் தந்தவர்... கோவிக்காதேங்கோக்கா. அந்த இடத்தை வேற ஆருக்கும் குடுங்கோ. எனக்கு இஞ்ச வேலை இருக்கு."

போனை வைத்தாள். பிறகு ஏஜென்சிக்குப் பதில் எழுதக் கணினியை இழுத்தாள். "வரவில்லை, பாஸ்போட்டைத் திருப்பி அனுப்பவும்" என்று ஒரே வரியில் முடிகிற விசயம். நான் அப்படித்தான் சொன்னேன்.

"ஆருக்கு அண்ணை எழுதுறது?"

"ஏஜென்சிக்குத்தான்!"

"ஏஜென்சிக்குக் கண் இருக்கோ? ஆரோ ஒரு ஆள்தானே வாசிக்கப் போறது."

கொழும்புக்குக் கோல் எடுத்தாள். அந்த ஒபிஸில் மின்னஞ்சல் பார்க்கிறது ஆர் என்று கேட்டாள். பதுளைப் பக்கத்தில் இருந்து வந்து வேலை செய்கிற ஒரு இளம் பெண் என்றார்கள். பெயரையும் கேட்டு எடுத்துக்கொண்டாள். பிறகு, அந்தப் பெயருக்கு, தங்கச்சி என்று போட்டு எழுதினாள். தனக்கு ஊரிலேயே வேலை நிலைத்துவிட்டதையும், மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறதையும், தன்னால் தங்கச்சிக்கு மேலிடத்தில் ஏச்சு விழுந்தால் மன்னிக்கவேண்டும் என்பதையும் எழுதினாள். உரக்க வாசித்தாள். எதிரே இருந்த ஆளின் முகம் சுருங்கவில்லை போலிருந்தது. அனுப்பினாள்.

அடுத்த வருடம் அவள் எங்களுடைய கடைக்கு மட்டும் எழுதுகிறவளாக இருக்கவில்லை. நிலாவெளி விடுதிகளுக்கும், திமிங்கிலம் காட்டப் படகு விடுகிறவர்களுக்கும், புடைவைக் கடை ஒன்றுக்கும் எழுதத் தொடங்கினாள். பிறகு சொந்தமாக அறை எடுத்தாள். நடு அறையில் இப்போது அவள் பழக்கிவிட்ட இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். தேத்தண்ணி கேட்டால் அவர்களும் ஆருக்கு என்கிறார்கள்; எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் முன்னுக்கு வருவது அந்த ஏஜென்சிப் பதில் வந்த பின்னேரம்தான். மகளை ஏற்ற ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டோவின் பின்னால் இருந்து போனைப் பார்த்தவள், "அண்ணை, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்கோ" என்றாள். நிறுத்தினேன். கீழே உட்துறைமுகத்தில் மூதூர்ப் படகு திரும்பிக்கொண்டிருந்தது. அவள் எனக்காக வாசித்தாள்.

"அக்கா, இந்த ஒபிஸுக்கு நெறைய மெயில் வரும். எனக்குன்னு வந்தது இதுதான். ஒங்க பாஸ்போட்ட இன்னிக்கே பதிவுத் தபால்ல போட்டுட்டேன். எங்கம்மா குவைத்துக்குப் போனப்ப நானும் மூணாம் வகுப்புதான். ஒங்க மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்க."

  ஓட்டோவை எடுத்து, திரும்பவேண்டிய சந்தியை விட்டுவிட்டு நேரே போய்ச் சுற்றி வந்தேன்.

ரியூசன் வாசலில் மகள் புத்தகப்பையை முன்னுக்கு எறிந்துவிட்டுப் பாய்ந்து ஏறினாள். தாய் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மடி கொஞ்சம் போதாது.

"உனக்குக் கொழும்பில இருந்து ஒரு அக்கா அன்பு சொல்லிவிட்டிருக்கிறா."

"ஆர்?"

"நீ காணாத அக்கா."

பிள்ளை யோசித்தது. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அப்ப நானும் அவவுக்கு எழுதவேணுமே. அவவுக்கு என்ன விருப்பம் எண்டு முதல்ல கேளுங்கோ அம்மா. பூனை விருப்பமெண்டா பூனைப் படம் கீறி அனுப்புவன்."